குவீன் சன் சிட்டிக்குப் போனது தவறா?

பழைய கேசட் (திருநெல்வேலி) #1

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே 14 கேசட்டுகள். 9 பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. மிஞ்சியவற்றில் ஒன்று பிரிட்டிஷ் ராக் குழு குவீனுடையது. 1986இல் பாளையங்கோட்டையில் ஒரு பதிவுக் கடையில் வெற்று நாடா வாங்கிக் கொடுத்துப் பதிவு செய்தது. 60 நிமிட நாடா என்பதால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்காவது முழுதாகக் கேட்டால், பிற்பாதியை யாரோ ஒட்டவைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

மகளிடம் பெருமையாகக் காட்டினேன். "நிறவெறி ஆட்சி நடந்தபோது தென்னாப்பிரிக்காவில் போய்ப் பாடியவர்கள்தானே அப்பா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. 1984 அக்டோபரில் சன் சிட்டியில் பாடினார்கள், கெட்ட பேர் வாங்கினார்கள் என்று அரைகுறையாகப் படித்ததுதான். ஆனால் மனம் அதை எங்கோ மூலையில் தள்ளி வைத்திருக்கிறது.

என் கட்சி இது. தாங்கள் அரசியல்வாதிகள் அல்லர், ரசிகர்களுக்காகப் பாடுகிறவர்கள் என்று குவீன் சொன்னது. சன் சிட்டி அரங்கில் கறுப்பர், வெள்ளையர் என்று இருக்கை பிரித்துப் போடவில்லை. அங்கே இருந்த ஒரு பள்ளிக்கு, காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகள் படிப்பது, பணமும் கொடுத்தார்கள். குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியோ சான்சிபாரில் பிறந்த பார்சி, பஞ்ச்கனியில் படித்தவர். அந்த நாட்டின் இனப் பதிவேட்டில் எழுதினால் அவரே கீழ்க்கட்டத்தில்தான் விழுந்திருப்பார். ஒன்பது மாதம் கழித்து, 1985 ஜூலை 13 அன்று, லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி மேடையில் உலகமே அவருக்குக் கைதட்டியது. அப்படியென்றால் எது சரி? பாடகன் ஓர் ஊருக்குப் போவதும் போகாததும் அவ்வளவு பெரிய குற்றமா?

உப்புக்காற்று (தூத்துக்குடி) #2

ஐயா, மகள் காப்பியோடு சேர்த்து உங்களுக்கு நல்ல கேள்வியும் கொடுத்திருக்கிறார்.

இருக்கை பிரிக்கவில்லை என்கிறீர்கள். பிரிக்கத் தேவையே இல்லாத இடம் அது. சன் சிட்டி இருந்தது போபுதட்ஸ்வானாவில். 1977இல் தென்னாப்பிரிக்க அரசு இதைத் 'தனிநாடு' என்று அறிவித்தது. ஒட்டுத்துணி போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த நிலத்துண்டுகளுக்கு ஒரு கொடி, ஒரு பாட்டு, ஒரு அதிபர். தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் எந்த நாடும் அதை நாடாக ஏற்கவில்லை. நோக்கம் எளிது. கறுப்பர்களை அந்தப் பொம்மை நாட்டுக் குடிமக்களாக்கிவிட்டால், பிறந்து வளர்ந்த ஜொகன்னஸ்பர்க்கில் அவர்கள் அந்நியர் ஆகிவிடுவார்கள். வாக்குரிமை கேட்டால், "உன் நாட்டில் போய்க் கேள்."

அந்தப் பொம்மை நாட்டில்தான் 1979இல் சூதாட்ட விடுதியாகச் சன் சிட்டி திறந்தது. தென்னாப்பிரிக்காவுக்குள் சூதாட்டம் சட்டவிரோதம். இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தால் 'வெளிநாடு', சட்டம் வேறு. பெரிய பாடகர்களுக்குக் கொட்டிக் கொடுத்து அழைத்தார்கள். சினாட்ரா போனார், எல்டன் ஜான் போனார், ராட் ஸ்டூவர்ட் போனார். ஒவ்வொருவர் பாடும்போதும் அது உண்மையான நாடுதான் என்று விளம்பரப் பலகை எழுதிக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று. குவீன் போன மாதத்தைப் பாருங்கள். 1984 செப்டம்பர் 3 அன்று ஜொகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் முக்கோணப் பகுதியில் வாடகை உயர்வை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. சுட்டார்கள். அடுத்த மாதம் நிறவெறியை எதிர்த்த பாதிரியார் டெஸ்மண்ட் டுட்டுவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில்தான் இவர்கள் மேடை ஏறினார்கள். ஐ.நா. பொதுச்சபை 1980 டிசம்பரிலேயே பண்பாட்டுப் புறக்கணிப்புத் தீர்மானம் போட்டிருந்தது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கமும் தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்திருந்தது. சங்கம் குவீனுக்கு அபராதம் போட்டது சும்மா அல்ல.

நான் துறைமுகத் தொழிற்சங்கத்தில் 22 ஆண்டு இருந்தவன். சங்கம் வேலைநிறுத்தம் என்று சொன்ன நாளில் பின்வாசல் வழியாக உள்ளே போகிறவனும் "நான் அரசியல் பேசவில்லை, குடும்பத்துக்காக" என்றுதான் சொல்வான். பலருக்கு அது உண்மையும்கூட. ஆனாலும் வாசலில் நிற்பவன் அவன் முகத்தை மறப்பதில்லை.

நம் ஊர்க்காரரிடம் கேளுங்கள். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா இரண்டாவது முறையாக வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. அரசு ஆட மறுத்தது. சென்னைப் பையன்கள், விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும், உச்ச நிலையில் இருந்த நேரம். ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இழக்க வேண்டியவர்கள் இழந்தார்கள். குவீனுக்கு எது குறைந்திருக்கும்?

சும்மா பார்க்கிறேன் (சேலம்) #3

பாட்டுக் கேட்க வந்தேன். பஞ்சாயத்து நடக்கிறது. திண்ணையில் இடம் இருந்தால் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஊதாநிறம் (கோயம்புத்தூர்) #4

மாமாக்களே, ஐயாக்களே, எனக்கு வயது 20. குவீன் பாட்டில் மூன்று தெரியும். ஆனால் இந்தச் சண்டை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை.

நீங்கள் பாடகர் போகலாமா என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் பாடகர் போகத் தயார், ரசிகர் பணம் கட்டத் தயார், நடுவில் அரசாங்கம் கதவைச் சாத்திவிடும். 2016 ஜூலையில் அமெரிக்காவின் 'தாட்' ஏவுகணைத் தடுப்பு அமைப்பை வைக்கத் தென்கொரியா ஒப்புக்கொண்டது. சீனாவுக்குக் கோபம். தடை என்று எழுத்தில் எதுவும் வரவில்லை. கொரிய நாடகங்கள் தொலைக்காட்சியில் நின்றன, கச்சேரிகளுக்கு அனுமதி வரவில்லை, அவ்வளவுதான். சோப்ரானோ பாடகி சுமி ஜோவின் சீனப் பயணமே 2017இல் ரத்தானது. அவர் பாடுவது மேலைச் செவ்வியல் இசை. ஏவுகணைக்கும் அவருக்கும் என்ன உறவு? சீன ரசிகைகள் அதன் பிறகு ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் போய்த்தான் பார்க்கிறார்கள். 2023 மே மாதம் கொரியப் பெண்கள் குழு பிளாக்பிங்க் மக்காவில் ஆடியதும் அப்படித்தான்.

அதே ஆண்டு ஜூலையில் இன்னும் வேடிக்கை. அதே பிளாக்பிங்க் ஹனோயில் இரண்டு நாள் ஆட இருந்தது. நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு வரைபடம். அதில் தென்சீனக் கடல் தன்னுடையது என்று சீனா போட்டுவைத்திருக்கும் 'ஒன்பது கோடு'. வியட்நாமியர்கள் கொதித்துப் போனார்கள். டிக்கெட் வாங்கின ரசிகைகளே போகமாட்டோம் என்று எழுதினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, கச்சேரி நடந்தது. நான்கு பெண்களும் வரைபடம் வரைந்தவர்கள் அல்லர்.

2020இல் எங்கள் பி.டி.எஸ். தலைவர் ஆர்.எம். கொரியப் போரைப் பற்றி ஒரு விருது விழாவில் பேசினார். கொரியாவும் அமெரிக்காவும் சேர்ந்து பட்ட துன்பம் என்ற பொருளில் இரண்டு வரி. சீனாவில் கொந்தளிப்பு, கடைகள் பி.டி.எஸ். படம் போட்ட பொருள்களை எடுத்துவிட்டன. அன்றிரவு எங்கள் குழுவில் சீனத் தோழி ஒருத்தி எழுதினாள்: "நான் போகிறேன், கோபம் இல்லை, வீட்டில் பயப்படுகிறார்கள்." இரண்டு ஆண்டு அவளோடு பேசியிருக்கிறேன். அன்றோடு சரி.

மேடைப்பின்புறம் (சென்னை) #5

ஒலியமைப்பு வேலை, 19 ஆண்டு. பாடகரை விடுங்கள், லாரி ஓட்டுநரிடமிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சுற்றுப்பயணம் ஓர் ஊருக்கு வருவது ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் பாதிப் பணம் முன்பணம், மீதி மேடை ஏறும் முன். ஏற்பாட்டாளர் தடுத்தால் முன்பணம் போச்சு. பாடகர் தானாக வரமாட்டேன் என்றால் திருப்பித் தர வேண்டும். அரசு ஊரடங்கு போட்டால் 'தவிர்க்க முடியாச் சூழல்' என்ற பிரிவு, அதில் யாருக்கு எவ்வளவு என்று வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். போர், பயங்கரவாதம் என்றால் சாதாரணக் காப்பீடு கையை விரித்துவிடும், தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். ஆகவே "மனசாட்சிப்படி ரத்து செய்தார்" என்று நாளிதழில் வரும் செய்திக்குப் பின்னால் நாலு பக்கக் கணக்கு இருக்கும். மனசாட்சி பொய் என்று சொல்லவில்லை. அதற்கும் ரசீது உண்டு என்கிறேன்.

ஆனால் ஒப்பந்தத்தை ஆயுதமாகவும் பிடிக்கலாம். பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் 1964 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா போனபோது, நிறம் பிரித்த அரங்கில் பாடமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனார். கேப் டவுன் பக்கத்தில் கலந்து உட்கார்ந்த கூட்டத்துக்குப் பாடினார். நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பீட்டில்ஸ் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் கறுப்பர்களைத் தனியாக உட்காரவைத்தால் வாசிக்கமாட்டோம் என்றார்கள். அரங்கம் இறங்கி வந்தது. ஆக, போவதா வேண்டாமா என்று இரண்டே வழி இல்லை. என்ன நிபந்தனையில் போகிறாய் என்று ஒரு வரி இருக்கிறது. குவீன் அந்த வரியை எழுதியதாக நான் எங்கும் படித்ததில்லை.

சொந்தக் கதை ஒன்று. பெயர் வேண்டாம். வெளிநாட்டில் ஒரு நகரம், கடலோர மைதானம். இரண்டு நாள் கட்டிய மேடை. ஒலிப்பெட்டிகளைச் சங்கிலியில் ஏற்றி முடித்தபோது மாலை நாலரை. ஐந்து மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு. ராத்திரியோடு ராத்திரியாக இறக்கினோம். உள்ளூர்க் கூலியாட்கள் 30 பேர், அன்றைக்குச் சம்பளம் தர ஏற்பாட்டாளர் இல்லை, கைப்பேசி அணைந்துவிட்டது. ஒரு பெரியவர் கேபிளை எட்டு வடிவில் நேர்த்தியாகச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த முறை வரும்போது" என்றார். நாங்கள் ஐந்து பேர் பையில் இருந்ததைத் திரட்டிக் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். பாடகருக்கு இது எதுவும் தெரியாது, அவர் விமான நிலையத்தில் இருந்தார்.

பழைய கேசட் #6

மேடைப்பின்புறம் எழுதிய ஒரு வரி என்னை அடித்துவிட்டது. நிபந்தனை. சரி, குவீன் விஷயத்தில் பாதி இறங்கி வருகிறேன். மீதிப் பாதி கேசட்டுக்கு.

ஆனால் உப்புக்காற்றுக்கு ஒரு கேள்வி. அமெரிக்கப் பாடகர் பால் சைமன்? சன் சிட்டிக்குக் கூப்பிட்டார்கள், மறுத்தார். அதே மனிதர் 1985 பிப்ரவரியில் ஜொகன்னஸ்பர்க் போய் அங்குள்ள கறுப்பின வாத்தியக்காரர்களோடு பதிவு செய்தார். நியூயார்க் சங்கக் கூலியைப் போல மூன்று மடங்கு கொடுத்தார். பகலெல்லாம் சிரித்து வாசிப்பவர்கள், இருட்டத் தொடங்கினால் வாசலையே பார்ப்பார்களாம். இருட்டிய பிறகு நகரத் தெருவில் ஒரு கறுப்பர் நின்றால் ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள். அந்தப் பதிவிலிருந்துதான் 1986இல் 'கிரேஸ்லேண்ட்' வந்தது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற சூலு பாட்டுக் குழுவை உலகம் கேட்டது அதனால்தான். ரே ஃபிரி கிட்டாரும் பகிதி குமாலோ பேஸும் இல்லாமல் அந்தத் தட்டை நினைக்கவே முடியாது. இதையும் தவறு என்பீர்களா?

உப்புக்காற்று #7

என்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

வாத்தியக்காரர்களுக்கு நல்ல கூலி கொடுத்தார், பாட்டில் பேரும் கொடுத்தார். அது நியாயம். ஆனால் போகுமுன், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புறக்கணிப்பு என்பது ஒவ்வொருவரும் தன் நல்லெண்ணத்துக்கு ஏற்ப விலக்குப் போட்டுக்கொள்ளும் காரியம் அல்ல. இன்று நல்ல மனம் படைத்தவருக்கு விலக்கு, நாளை நல்ல வக்கீல் வைத்திருப்பவருக்கு. 1987 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் வாசலில் அவருக்கு எதிராக மறியல் நடந்தது. பில்லி பிராக், பால் வெல்லர், ஜெரி டாமர்ஸ் போன்ற பிரிட்டிஷ் பாடகர்கள் எதிர்த்தார்கள். இவர்கள் வெறும் பொறாமைக்காரர்கள் அல்லர்.

அந்தத் தட்டில் கூடப் பாடிய லிண்டா ரான்ஸ்டாட் 1983இல் சன் சிட்டியில் பாடியவர். அதையாவது தவிர்த்திருக்கலாம் இல்லையா?

மேடைப்பின்புறம் #8

உப்புக்காற்று அண்ணா, வாசலில் மறியல் நடந்தபோது உள்ளே மேடையில் யார் நின்றார்கள் என்றும் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்கள் மிரியம் மகேபா, ஹியூ மசகேலா. 1960இல் தாயின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர் மகேபா. மசகேலாவும் நாடு கடந்து வாழ்ந்தவர். இருவரும் சைமனோடு சுற்றினார்கள், 1987 பிப்ரவரியில் ஜிம்பாப்வேயின் ஹராரேவில் பாடினார்கள். தென்னாப்பிரிக்க எல்லை அங்கிருந்து ஒரு நாள் பயணம். பாதிக்கப்பட்டவர்களின் குரல் என்று ஒன்றைச் சொன்னால், அந்தக் குரலே இரண்டாகப் பிரிந்துதான் ஒலித்தது.

எனக்கு மிகவும் உறுத்துவது ஜானி கிளெக். தென்னாப்பிரிக்க வெள்ளையர். சூலு மொழியில் பாடி, சூலு நடனம் ஆடி, சிபோ மச்சுனுவோடு கலப்புக் குழு நடத்தியவர். கலந்து வாசிப்பதே குற்றமாக இருந்த நாட்டில் போலீஸ் புகுந்து நிறுத்திய நிகழ்ச்சிகள் எத்தனையோ. மண்டேலா சிறையில் இருக்கும்போதே அவருக்காக ஒரு பாட்டு எழுதினார். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அவரை வெளியே தள்ளியது. காரணம், தென்னாப்பிரிக்காவில் நிகழ்ச்சி நடத்துகிறாராம். அவர் குடியிருந்ததே அங்குதான்! 1988 ஜூனில் வெம்பிளியில் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாள் கச்சேரியில் கிளெக்குக்கு இடம் இல்லை. 1999இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது பின்னால் கூட்டம் ஆர்ப்பரித்தது. திரும்பிப் பார்த்தால் மண்டேலாவே ஆடிக்கொண்டு மேடைக்கு வருகிறார்.

உப்புக்காற்று #9

கிளெக் விஷயத்தில் சங்கம் செய்தது முட்டாள்தனம். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சங்கமும் இப்படி ஒன்றிரண்டு செய்ததுண்டு, அதை இங்கே எழுதமாட்டேன்.

பனங்காய் (யாழ்ப்பாணம்) #10

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு விளக்கம். எங்களூரில் 'கச்சேரி' என்றால் அரச செயலகம். அங்கே போவது காணி உறுதிக்கும் கையொப்பத்துக்கும். ஆகவே நான் இசை நிகழ்ச்சி என்றே எழுதுகிறேன்.

1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டுக் கேட்க சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை வானொலிப் பெட்டியோடு இணைத்து, கையால் பெடலைச் சுற்றுவோம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் தேய்ந்து போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு விதி இருந்தது. யாருக்குப் பிடித்த பாட்டு வருகிறதோ அவன்தான் சுற்ற வேண்டும். திருச்சி வானொலி தெளிவாக இழுக்கும். என் தம்பிக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும் என்று சொல்லிவிட்டான், வாரம் முழுக்க அவனே சுற்றினான். எஸ்.பி.பி. மூச்சுப் பிடித்து நீட்டும் இடத்தில் இவனும் மூச்சுப் பிடித்துச் சுற்றுவான். உலகப் பாடகர் எவரும் எங்களைப் புறக்கணிக்கவில்லை. நாங்கள் இருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது.

2010 ஜூனில் இந்தித் திரைப்பட விருது விழா கொழும்பில் நடந்தது. தமிழ்நாட்டுத் திரையுலகம் புறக்கணிக்கச் சொன்னது, பல பெரிய நட்சத்திரங்கள் வரவில்லை. அது சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். போர் முடிந்து ஒரு வருடம். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எங்கள் ஆட்கள் இன்னும் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்ட ஒரு சிவப்புக் கம்பளம் தேவைப்பட்டது. அது உங்கள் சன் சிட்டிதான்.

ஆனால் அதே சூட்டில், யாழ்ப்பாணத்துக்கு யார் வந்தாலும் துரோகம் என்று கடல் கடந்த இடங்களிலிருந்து எழுதினார்களே, அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்களைக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்? கனடாவின் ஸ்கார்பரோவில் என் மைத்துனர் ஒவ்வொரு வருடமும் இந்தியப் பாடகரின் நிகழ்ச்சிக்கு ரிக்கெற் வாங்கிப் படம் அனுப்புவார். அதே பாடகர் இங்கே வந்தால் மட்டும் கறை ஒட்டிவிடுமா?

2023இல் சந்தோஷ் நாராயணன் எங்கள் யாழ்ப்பாண முற்றவெளியில் பாடினார். என் தம்பி போனான். 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் வந்தபோது நானும் போனேன். காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் கதிரை, மற்றவர்களுக்குப் பின்னால் தடுப்பு. கூட்டம் கூடக் கூடத் தடுப்பு சரிந்தது, நிகழ்ச்சி குழம்பியது. மறுநாள் ஆளாளுக்கு யாழ்ப்பாணத்தானுக்கு ஒழுக்கம் இல்லை என்று வகுப்பெடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்தவர். மேடை தெரியவில்லை என்று என்னுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றார்.

அதே முற்றவெளியில்தான் 1974 ஜனவரி 10 அன்று, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், உயிர்கள் போயின. நினைவுத்தூண் இப்போதும் நிற்கிறது. அன்றிரவு அதற்குப் பக்கத்தில் ஐஸ்கிறீம் வண்டி நின்றது. எனக்கு அதில் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு கனநேரம் யோசித்தேன்.

உப்புக்காற்று #11

பனங்காய் அண்ணே, நான் அன்றைக்குத் துரோகம் என்று எழுதிய கூட்டத்தில் இருந்தவன். இந்தத் தளத்தில் அல்ல, வேறு இடத்தில். இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

என் பழைய அளவுகோல் 'யார் கூப்பிட்டார்கள், யார் வேண்டாம் என்றார்கள்' என்பது. தென்னாப்பிரிக்காவில் வேண்டாம் என்ற குரல் உள்ளிருந்து வந்தது. பாதிரியார் ட்ரெவர் ஹடில்ஸ்டன் 1954இலேயே சோஃபியாடவுனில் இருந்துகொண்டு எழுதினார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அதை எடுத்துக்கொண்டது. 1984 ஆகஸ்டில் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு சபை வைத்துத் தேர்தல் நடத்தியபோது, டர்பனில் இருக்கும் நம் கரும்புத்தோட்டத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் உட்பட பெரும்பாலானோர் வாக்குச்சாவடிக்கே போகவில்லை. ஆகவே அந்த ஊர் மக்களே 'வராதே' என்றார்கள். உங்கள் ஊர் விஷயத்தில் நாங்கள் தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்காக 'வராதே' என்றோம். நடுவில் கடல் குறுகலாக இருப்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

பனங்காய் #12

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்களுக்குள்ளும் போகாதே என்றவர்கள் இருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருக்கும்போது என்ன பாட்டு என்று என் சொந்தச் சித்தி கேட்டார். அவருக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை. நான் போனேன், அவர் வரவில்லை. இன்னும் ஒரே முற்றத்தில்தான் இருக்கிறோம்.

சும்மா பார்க்கிறேன் #13

கனம் கூடிவிட்டது, ஒரு நிமிடம் திண்ணையை விட்டு எழுந்து பேசுகிறேன். இலங்கையில் இசைக்கும் அரசியலுக்கும் நடந்த ஆகப் பெரிய மோதல் 2015 டிசம்பர், என்ரிக் இக்லேசியாஸ், கொழும்பு. யாரோ ஒரு பெண் மேடையில் உள்ளாடையை வீசிவிட்டார். நாட்டின் அதிபரே கொதித்தெழுந்து, ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்றார். திருக்கை வால்! அதுவும் நஞ்சுள்ள வால். அடிக்கச் சொல்லவில்லை, அடித்தால் தகும் என்றுதான் சொன்னேன் என்ற பொருளில் ஒரு விளக்கமும் கொடுத்தார்.

பனங்காய் #14

திருக்கை வாலைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். என் பாட்டனார் வீட்டு இறப்பில் (கூரை விளிம்பில்) ஒன்று செருகியிருந்தது. அடித்ததில்லை. இறப்பை அண்ணாந்து பார்த்தாலே போதும், பாடம் மனப்பாடமாகிவிடும்.

மேடைப்பின்புறம் #15

சிரித்தேன். ஆனால் பனங்காய் எழுதியதைப் படித்த பிறகு ஒரு விஷயம் மண்டையில் சுற்றுகிறது, அதை எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ. 1992 முதல் 1996 வரை முற்றுகை. 1994 டிசம்பரில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, ராக் பாடகர் புரூஸ் டிக்கின்சன் லாரியில் இக்மன் மலைப்பாதை வழியாக உள்ளே போய்ப் பாடிவிட்டு வந்தார். தொழில்முறையில் யோசித்தால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் பயணம்.

போர் முடிந்து, 1997 செப்டம்பர் 23. யூ2 என்ற ஐரிஷ் ராக் குழு, அங்கே கொஷேவோ அரங்கில். சுமார் 45,000 பேர். கச்சேரிக்காகவே ரயில் விட்டார்கள், போருக்குப் பிறகு அந்தத் தடத்தில் ஓடிய முதல் ரயில்கள். ஒன்றை ஒன்று சுட்ட பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்து ஒரே புல்லில் நின்றார்கள். அரங்கத்தை ஒட்டியே கல்லறைகள். அன்றிரவு யூ2 பாடகர் போனோவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. பதிவைக் கேளுங்கள், ஒலிக்கலவைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், பாடகர் குரலைவிடக் கூட்டத்தின் குரல் மேலே ஏறி நிற்கிறது.

சன் சிட்டியிலும் ஃப்ரெடிக்குத் தொண்டைதான் கட்டியது. சில நாள் நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள்.

பழைய கேசட் #16

இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எழுதவில்லை.

என் தரப்பில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பின்னால் குவீனின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் 2003 நவம்பர் 29 அன்று கேப் டவுனில், மண்டேலாவின் சிறை எண் 46664 பேரில் நடந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கச்சேரியில் முன்னின்று வாசித்தார்கள். மண்டேலாவே மேடைக்கு வந்தார். கடனை அடைத்தார்கள் என்று எழுத வந்தேன். உப்புக்காற்று சண்டைக்கு வருவார். அழித்துவிட்டேன்.

உப்புக்காற்று #17

வரமாட்டேன். மண்டேலாவே ஏற்றுக்கொண்ட பிறகு நான் யார்? ஃப்ரெடிதான் அந்த மேடையில் இல்லை. 1991இலேயே போய்விட்டார்.

ஊதாநிறம் #18

எல்லாரும் தூங்கிவிட்டீர்களா? ஒரு சின்னச் சந்தேகம், தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாதது. மக்காவில் நிகழ்ச்சி பார்க்க ஹாங்காங் வழியாகப் போனால் இந்தியர்களுக்கு முன்பதிவு ஏதாவது வேண்டுமா? என் சீனத் தோழி நேற்றிரவு திடீரென்று எழுதியிருக்கிறாள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு. அவள் அங்கே வருகிறாளாம்.

மேடைப்பின்புறம் #19

தூங்கவில்லை, அம்மா. ஹாங்காங்குக்கு இந்தியர்கள் புறப்படும் முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசுத் தளத்திலேயே செய், தரகர் யாரிடமும் பணம் கொடுக்காதே. மக்காவுக்குக் கப்பல் இருக்கிறது, பாலத்தில் பஸ்ஸும் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து ராத்திரி வெளியே வரும்போது பஸ் வரிசை நீளமாக இருக்கும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்பு என்று சொல்வேன், நீ கேட்கமாட்டாய்.